வாசலோடு நின்றுவிடும் வேகம்

அம்பத்தூர் தொழிற்பேட்டை என்றால் லேத் பட்டறை, பிரஸ் மெஷின், ஷிஃப்ட் சங்கு என்றுதான் மூத்தவர்களுக்கு நினைவு வரும். 1960களில் உருவான அந்தப் பேட்டையில் கடந்த சில ஆண்டுகளாக வேறு மாதிரியான கட்டடங்கள் எழும்பி வருகின்றன. ஜன்னல் இல்லாத நெடுஞ்சுவர்கள், வரிசையாக டீசல் ஜெனரேட்டர்கள், மேல்தளம் முழுக்கக் குளிரூட்டும் இயந்திரங்கள். எல்லாம் டேட்டா சென்டர்கள். என்.டி.டி. நிறுவனம் 2023இல் இங்கே 6 ஏக்கரில் ஒரு வளாகத்தைத் தொடங்கியது. அதன் இரண்டு கட்டடங்களிலும் இயங்கும் கணினிகளுக்கு மட்டும் 34.8 மெகாவாட் மின்சாரம் என்பது திட்டம். ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியாலிட்டி மூன்றும் சேர்ந்து நடத்தும் டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனம் 2024 ஜனவரியில் தன் முதல் கட்டடத்தை அம்பத்தூரில் திறந்தது. அது 20 மெகாவாட். வளாகம் முழுமை பெறும்போது 100 மெகாவாட் வரை போகும்.

இவை சென்னையைத் தேடி வரக் காரணம் கடல். 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ-டு-ஐ கேபிள் 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமானது. அதன்பின் பல கடலடிக் கேபிள்கள் இங்கே கரையேறின. அந்தமானுக்கு 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட கேபிளும் சென்னையிலிருந்துதான் போகிறது. சினிமா, வங்கிக் கணக்கு, வீடியோ அழைப்பு என்று நாம் திரையில் பார்ப்பதில் கணிசமான பங்கு இப்படிப்பட்ட கட்டடங்களுக்குள் இருந்துதான் கிளம்புகிறது. அங்கே ஒரு சாதனத்துக்கும் அடுத்த சாதனத்துக்கும் இடையே 100 ஜிகாபிட், 400 ஜிகாபிட் என்பதெல்லாம் அன்றாடப் பேச்சு.

அந்த மதிலுக்கு வெளியே கொரட்டூரிலும் பாடியிலும் திருமுல்லைவாயலிலும் 300 மெகாபிட் பிளானுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவர், மாடி அறையில் அலுவலக மீட்டிங் பாதியில் உறைந்து நிற்க, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஹாலுக்கு ஓடுகிறார். "ஹால்ல நல்லாத்தானே வருது தம்பி, அங்கேயே உட்கார வேண்டியதுதானே?" என்று அம்மா கேட்கிறார். புகார் கொடுத்தால் வருகிற தொழிலாளி போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டிவிட்டு, "பாக்ஸ்கிட்ட ஃபுல் ஸ்பீடு வருது சார். ரூம்ல வரலைன்னா அது உங்க வீட்டு விஷயம்" என்கிறார். கேட்கக் கசப்பாக இருந்தாலும் அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. கடலைக் கடந்து, சென்னை-திருவள்ளூர் சி.டி.எச். சாலைக் கம்பங்களில் தொங்கி, வாசல்வரை வந்துவிட்ட வேகம் கடைசிப் பத்து மீட்டரில் செத்துப்போகிறது. அந்தப் பத்து மீட்டரைச் சரிசெய்யும் பொறுப்பு எந்த நிறுவனத்துக்கும் இல்லை. அது நம் சுவர், நம் கம்பி, நம் செலவு.

94 என்றால் என்ன பொருள்

கேபிளில் இணைத்த கணினியில் ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். உங்கள் பிளான் 200ஆக இருக்கலாம், 300ஆக இருக்கலாம். ஆனால் காலையிலும் மாலையிலும் நள்ளிரவிலும் 94, 95 என்றே காட்டினால் நோய் என்னவென்று அப்போதே தெரிந்துவிட்டது. நெரிசலால் வேகம் குறைந்தால் எண் ஏறி இறங்கும். இப்படி ஒரே எண்ணில் ஆணியடித்ததுபோல் நிற்காது. வழியில் எங்கோ ஒரு இணைப்பு 100 மெகாபிட்டில் பூட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தகவல் பொட்டலமும் சுமக்கும் முகவரி, காவல் விவரங்களுக்குப் போக, 100இல் நமக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 94. அதே கணக்கில் ஒரு ஜிகாபிட் இணைப்பில் 940 கிடைக்கும். விண்டோஸ் கணினி என்றால் நெட்வொர்க் செட்டிங்ஸில் லிங்க் ஸ்பீடு என்ற வரியைப் பார்த்தாலே போதும்: 100/100 என்றிருக்கிறதா, 1000/1000 என்றிருக்கிறதா என்று அங்கே எழுதியிருக்கும்.

எதனால் இப்படிப் பூட்டிக்கொள்கிறது? லேன் கேபிளை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. 1995இல் வந்த 100 மெகாபிட் முறைக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். 1999இல் வந்த ஜிகாபிட் முறைக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரே ஒரு கம்பி ஜாக்கில் சரியாக உட்காரவில்லை என்றாலும் பல கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நெட் நிற்காது, சிவப்பு விளக்கு எரியாது, எந்த எச்சரிக்கையும் வராது. பணம் கட்டுகிறவர் பல ஆண்டுகள் மூன்றில் ஒரு பங்கைத்தான் பெறுகிறோம் என்று தெரியாமலே இருப்பார்.

இதற்குப் பின்னால் நம் பகுதிகளில் ஒரு பழைய பழக்கமும் இருக்கிறது. 10 மெகாபிட், 20 மெகாபிட் பிளான்கள் ஓடிய காலத்தில் ஒரே கேபிளில் நான்கு கம்பியைக் கீழ் வீட்டுக்கும் நான்கு கம்பியை மாடி வீட்டுக்கும் பிரித்து ஜாக் அடிப்பது சாதாரணம். சிக்கனம், அன்றைக்கு வேலையும் செய்தது. அந்தக் கேபிள்கள் இன்னும் அதே சுவரில் கிடக்கின்றன. பிளான் மட்டும் ஏறிவிட்டது.

இரண்டாவது குற்றவாளி ரூட்டர். பெட்டியில் 1200 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் 300, 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் 867, இரண்டையும் கூட்டி முழுமைப்படுத்திய எண் அது. ஒரு போனுக்கு அந்த 1200 ஒருநாளும் கிடைக்காது. அப்படிப்பட்ட ரூட்டர்கள் பலவற்றின் பின்புறம் இருக்கும் லேன் துளைகள் எல்லாமே 100 மெகாபிட்தான். பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் 10/100 என்று போட்டிருக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது முன்பக்கத்துப் பெரிய எண்ணை அல்ல, அந்தச் சிறிய வரியை. அங்கே 10/100/1000 அல்லது ஜிகாபிட் போர்ட் என்று இல்லையென்றால் அந்த ரூட்டர் 300 மெகாபிட் பிளானுக்கு உதவாது.

சுவரோடு அலை மோத முடியாது

சென்னைக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். வழியாக வந்தது, டெலிபோன் டயல் செய்து. பத்து ஆண்டுகள் கழித்து பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் அதே டெலிபோன் கம்பியில் 256 கிலோபிட் கொடுத்தது. அப்போது வீட்டுக்குள் வைஃபை எவ்வளவு மெதுவாக இருந்தாலும் வெளியிலிருந்து வருவதைவிட வேகம்தான். ஃபைபர் வந்தபிறகு கணக்கு தலைகீழாகிவிட்டது. வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கும் ஜிபான் முறையில் ஒரு ஃபைபர் இழையில் இறங்குமுகமாக 2.5 ஜிகாபிட் வருகிறது, அதைத் தெருவில் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. வெளியே அகலமான வழி, உள்ளே குறுகல். சி.டி.எச். சாலையை எத்தனை வழிச் சாலையாக அகலப்படுத்தினாலும், வீடு இருக்கும் சந்து நாலடி என்றால் கார் வாசலுக்கு வராது.

நம் வீடுகளின் அமைப்பும் வைஃபைக்கு எதிரி. அம்பத்தூர், ஆவடிப் பக்கம் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனையில் கீழே உரிமையாளர், மேலே ஒன்றோ இரண்டோ வாடகைப் போர்ஷன் என்பதுதான் வழக்கமான கட்டு. வெளிச்சுவர் 9 அங்குலச் செங்கல். தளம் கம்பி கட்டிய கான்கிரீட். ஃபைபர் இழை எந்த ஜன்னல் வழியாக நுழைய வசதியோ அங்கே பெட்டி மாட்டப்படும். அது பெரும்பாலும் தெருப் பக்கத்து மூலை, டி.வி.க்கு மேலே, அல்லது மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பாக்ஸுக்குப் பக்கத்தில். ரூட்டரின் அலையில் பாதி தெருவுக்குப் போகிறது. மீதி பாதி பீரோவிலும் சுவரிலும் கான்கிரீட்டிலும் மோதிக் கரைகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கடக்கும், ஆனால் அதில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் மூன்றே மூன்று. வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிய தெருவில் போனைத் திறந்தால் பத்துப் பதினைந்து வைஃபை பெயர்கள் தெரிகின்றனவே, அத்தனை பேரும் அந்த மூன்றைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 2018இல் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸில் கூடுதல் அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது பெரிய உதவி. ஆனால் அலைவரிசை கூடியதால் கான்கிரீட் மெலியவில்லை.

இந்த இடத்தில்தான் பலரும் ரிப்பீட்டர் வாங்குகிறார்கள். நான் யாருக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை. விலை குறைந்த ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்கிறது. கேட்கும் நேரத்தில் சொல்ல முடியாது. வேகம் பாதியாகும், சில சமயம் அதற்கும் கீழே போகும். போனில் நான்கு கோடும் காட்டும், படம் ஓடாது. அந்தப் பணத்துக்கு ஒரு கேபிளை மாடிக்கு இழுத்து, அதன் முனையில் இரண்டாவது ரூட்டரை வைத்தால் மாடியிலும் முழு வேகம் கிடைக்கும். வைஃபையை ஒழிக்கச் சொல்லவில்லை. போனுக்கும் டேப்லெட்டுக்கும் அது வேண்டும். அந்த வைஃபையின் முதுகெலும்பாக ஒரு கம்பி இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

செம்பு என்று சொல்லி விற்பதெல்லாம் செம்பல்ல

ஈதர்நெட் என்ற இந்தக் கம்பி முறைக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. 1973 மே மாதம் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் எழுதிய ஒரு குறிப்பில் பிறந்தது. அவரும் டேவிட் பாக்ஸும் கட்டிய முதல் பிணையத்தின் வேகம் 2.94 மெகாபிட். 2022ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது மெட்கால்ஃபுக்கு இதற்காகத்தான் கிடைத்தது. அம்பத்தூர் டேட்டா சென்டருக்குள் ஓடும் 400 ஜிகாபிட்டும், உங்கள் டி.வி.க்குப் பின்னால் செருகியிருக்கும் 100 மெகாபிட்டும் ஒரே குடும்பம்.

கம்பி வாங்க மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு இன்றும் ரிச்சி தெருதான். மின்சார ரயிலில் சென்ட்ரல் இறங்கி அண்ணா சாலைப் பக்கம் நடந்தால் போதும். கடையில் "கேட் சிக்ஸ் கொடுங்க" என்று மட்டும் கேட்டால், ஒரே மாதிரி தோற்றத்தில் பாதி விலைக்கு ஒன்றும் முழு விலைக்கு ஒன்றும் எடுத்துப் போடுவார்கள். பாதி விலைக்காரன் பெரும்பாலும் அலுமினியக் கம்பி, மேலே மெல்லிய செம்புப் பூச்சு. வர்த்தகத்தில் சி.சி.ஏ. என்பார்கள். அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். மடக்கினால் உடையும். ஜாக்கின் பல் கடித்த இடத்தில் நம் ஊர் ஈரக்காற்றில் துருவேறிப் பிடிப்பு தளரும். ஓராண்டு நன்றாக ஓடிவிட்டுப் பிறகு 100க்கு இறங்கும். சி.சி.டி.வி. கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பினால் கம்பி சூடாகும். கடையிலேயே பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 305 மீட்டர் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தாலும் தெரியும், செம்பு கனக்கும். பில்லில் சுத்தச் செம்பு என்று எழுதி வாங்குவது இன்னும் நல்லது.

எந்த ரகம் வேண்டும் என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. கேட் 5இ ஒரு ஜிகாபிட்டை 100 மீட்டர்வரை சுமக்கும். ஏற்கெனவே சுவருக்குள் நல்ல கேட் 5இ இருந்தால் பிடுங்க வேண்டாம். புதிதாக இழுப்பவர்கள் கேட் 6 போட வேண்டும். அது வீட்டுக்குள் இருக்கும் தூரங்களில் 10 ஜிகாபிட்டைக்கூடத் தாங்கும், 55 மீட்டர்வரை. கேட் 7, கேட் 8 என்று இணையக் கடைகளில் விற்கும் ரிப்பன் போன்ற தட்டைக் கேபிள்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் உள்ளே இருக்கும் கம்பி மயிரிழை. பெயரில் இருக்கும் எண்ணுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை.

கட்டி முடித்த வீட்டில் வழி தேடுவது

புதுச் சுவரை வெட்ட யாருக்கும் மனம் வராது. வெட்டவும் தேவையில்லை. பழைய வீடுகளில் கேபிள் டி.வி.க்காகப் போட்ட கன்சீல்டு பைப் ஒன்று மொட்டை மாடியிலிருந்து ஹாலுக்கு இறங்கியிருக்கும். உள்ளே இருக்கும் பழைய டி.வி. கேபிள் இன்று யாருக்கும் பயன்படாது. அதன் முனையிலேயே புதுக் கேபிளைக் கட்டி இழுத்தால் பழையது வெளியே வரும்போது புதியது உள்ளே போய்விடும். கூடவே ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து இழுத்து அங்கேயே விட்டுவைத்தால் அடுத்தமுறை வேலை எளிது. டெலிபோன் பைப், ஏ.சி. காப்பர் பைப்புக்காகத் துளைத்த ஓட்டை, பாத்ரூம் டக்ட் எல்லாமே வழிகள்தான். எதுவும் இல்லையென்றால் தரையோரமாக கேசிங் கேப்பிங். வெள்ளைப் பட்டைக்குள் ஓடினால் உறுத்தாது.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 230 வோல்ட் ஒயர் போகும் பைப்புக்குள் லேன் கேபிளைத் திணிக்க எலக்ட்ரீஷியன் சொன்னால் மறுத்துவிடுங்கள். இடையூறு மட்டுமல்ல, இன்சுலேஷன் உரிந்தால் உங்கள் கம்ப்யூட்டர் வழியாக ஆளுக்கே ஷாக் அடிக்கும்.

கேபிள் மாடிக்கு வந்துவிட்டது. இனி அதன் முனையில் வைக்கும் இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்ற வேண்டும். பழைய ரூட்டரில் அந்த வசதி இல்லையென்றால் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி.யை நிறுத்திவிட்டு, அதற்குக் கீழ் ரூட்டரின் முகவரியோடு மோதாத ஒரு முகவரி கொடுத்து, கேபிளை இணையம் வரும் வேன் துளையில் செருகாமல் லேன் துளையில் செருகினால் போதும். வீட்டில் முகவரி வழங்கும் அதிகாரம் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் இருக்க வேண்டும். இரண்டு பெட்டிகள் வழங்கினால் பிரிண்டர் ஒரு பக்கமும் போன் ஒரு பக்கமும் ஒன்றையொன்று தெரியாமல் நிற்கும். இரண்டு ரூட்டருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தால் படியேறும்போது போன் தானே மாறிக்கொள்ளும். மூன்று, நான்கு அறைகளுக்குக் கேபிள் போகிறது என்றால் ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்தில் ஐந்து துளை ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்று. ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்கு நல்லதே கிடைக்கிறது.

எல்லாக் கருவிக்கும் ஜிகாபிட் தேவையா என்றால் இல்லை. டி.வி.க்கு 100 மெகாபிட் தாராளம். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 மெகாபிட்தான். விலையுயர்ந்த டி.வி.க்களிலும் லேன் துளை 100 ஆகவே இருப்பது அதனால்தான். ஆனால் டி.வி.யைக் கம்பியில் கட்டிவிட்டால் அது வைஃபையிலிருந்து விலகுகிறது. அந்தக் காற்று மற்றவர்களுக்கு மிச்சம். நகராமல் ஒரே இடத்தில் இருக்கும் டி.வி., டெஸ்க்டாப், கேமரா ரெக்கார்டர் எல்லாவற்றையும் கம்பிக்கு மாற்றுங்கள். போன்களின் வைஃபை தானாக உயிர் பெறும்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு வேகத்தைவிடச் சீர் முக்கியம். கம்பியில் ரூட்டருக்குப் போய்வர ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு, எப்போதும் அதே அளவு. வைஃபையில் அது 3 ஆகும், திடீரென்று 80 ஆகும். வீடியோ மீட்டிங்கில் குரல் விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் இந்தத் தாவலால்தான்.

மழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை வெள்ளத்தில் நின்றதை இந்தப் பகுதிக்காரர்கள் மறக்கவில்லை. கீழ்த்தளத்தில் ஸ்விட்சையும் ஃபைபர் பெட்டியையும் தரையில் வைக்காமல் நாலடிக்கு மேலே மாட்டுங்கள். பின்வீட்டுக்கோ எதிர்ப் போர்ஷனுக்கோ மொட்டை மாடி வழியாகச் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். பக்கத்தில் இடி விழுந்தால்கூட அந்தக் கம்பியில் பாயும் மின்தூண்டல் இரண்டு முனையிலும் இருக்கும் ரூட்டர், டி.வி., கம்ப்யூட்டர் அனைத்தையும் ஒரே நொடியில் எரித்துவிடும். கட்டடத்துக்குக் கட்டடம் போவதென்றால் ஃபைபர் இழைதான் முறை. அதில் மின்சாரம் ஓடாது. இரண்டு முனையிலும் ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் ஒரு மீடியா கன்வெர்ட்டர், செலவு சில ஆயிரம். மின்தடை நாட்களுக்காக ஃபைபர் பெட்டி, ஸ்விட்ச், மாடி ரூட்டர் மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுக்க வேண்டும். மூன்றில் ஒன்றை மறந்தாலும் பயன் இல்லை.

இரண்டரை ஜிகாபிட் யாருக்கு

இப்போது கடைகளில் 2.5 ஜி என்ற எழுத்து கண்ணில் படுகிறது. 2016இல் உருவான தரம் இது. நல்ல கேட் 5இ கம்பியிலேயே 100 மீட்டர்வரை 2.5 ஜிகாபிட் ஓடும் என்பதுதான் இதன் சிறப்பு. சுவரைத் தொட வேண்டியதில்லை. இரு முனையிலும் உள்ள கருவிகளையும், நடுவில் உள்ள ஸ்விட்சையும் மாற்றினால் போதும். மூன்றில் ஒன்று பழையதாக இருந்தாலும் எல்லாம் ஒரு ஜிகாபிட்டுக்கு இறங்கிவிடும். புதிய டெஸ்க்டாப் மதர்போர்டுகள் பலவற்றில் 2.5 துளை ஏற்கெனவே இருக்கிறது. லேப்டாப்புக்கு யு.எஸ்.பி. அடாப்டர் கிடைக்கிறது.

300 மெகாபிட் பிளான் வைத்துப் படம் பார்க்கும் குடும்பத்துக்கு இது வீண்செலவு. திட்டவட்டமாகச் சொல்கிறேன், வாங்க வேண்டாம். ஆனால் இன்னொரு கூட்டம் இருக்கிறது. முகப்பேரிலும் ஆவடியிலும் வீட்டு மாடியிலேயே எடிட்டிங் அறை வைத்திருக்கும் கல்யாண வீடியோக்காரர்கள். ஒரு முகூர்த்தம், ஒரு வரவேற்பு, மூன்று கேமரா, ட்ரோன் என்றால் 500 ஜிகாபைட் சுலபமாகச் சேரும். அதைக் கீழ் அறையில் இருக்கும் சேமிப்புப் பெட்டிக்கு நகல் எடுக்க வேண்டும். 94 மெகாபிட்டில் கிட்டத்தட்ட 12 மணி நேரம். ஒரு ஜிகாபிட்டில் ஒரு மணி பத்து நிமிடம். 2.5 ஜிகாபிட்டில் அரை மணி நேரத்துக்குள். ஆனி, ஆவணி முகூர்த்தங்களில் நாளுக்கொரு கல்யாணம் எடுப்பவருக்கு இது தொழில் கணக்கு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சேமிப்புப் பெட்டியில் ஒரே ஒரு சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் அது விநாடிக்கு 200 மெகாபைட் சொச்சத்தில் நின்றுவிடும், 2.5 ஜிகாபிட்டின் 290ஐத் தொடாது. இரண்டு டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டவோ எஸ்.எஸ்.டி. வைக்கவோ வேண்டும். தொழிற்பேட்டைக்கு டிசைன் செய்துதரும் சிறு பட்டறைக்காரர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். 10 ஜிகாபிட் வீட்டுக்கு இப்போதைக்குத் தேவையில்லை. செம்பில் ஓடும் 10 ஜிகாபிட் ஸ்விட்ச் சூடாகும், விலையும் அதிகம்.

பூச்சு வேலைக்கு முன்னால்

இந்தக் கட்டுரையின் பாதிச் சிக்கல்கள் வீடு கட்டும்போதே தீர்ந்திருக்கக் கூடியவை. பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிவரை 26 கிலோமீட்டர் மெட்ரோ வழித்தடம் அமைக்கப்படுகிறது. அதை நம்பி காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, கரையான்சாவடி, திருவேற்காடு பக்கமெல்லாம் அடுக்குமாடிகள் எழுகின்றன. வாங்குகிறவர்களில் கணிசமானோர் ஐ.டி. வேலைக்காரர்கள். அவர்களுக்கு விற்கும் ஃபிளாட்டின் எலக்ட்ரிக்கல் வரைபடத்தைப் பாருங்கள். ஏ.சி.க்கு மூன்று பாயின்ட், கீசருக்கு இரண்டு, இன்வெர்ட்டருக்குத் தனி லைன், டி.வி.க்குப் பழைய கேபிள் பைப். லேன் பாயின்ட் ஒன்றுகூட இல்லாமல் இருக்கும், அல்லது ஹாலில் மட்டும் ஒன்று. ஒரு கோடி ரூபாய் வீட்டில் சில ஆயிரம் ரூபாய்ப் பைப்பை விட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அறியாமைதான் காரணம். வாங்குகிறவர் கேட்பதில்லை, அதனால் கட்டுகிறவர் போடுவதில்லை.

கேட்பதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. 2016இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் கட்டடத்துக்குள் தகவல்தொடர்பு வசதி செய்வதற்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 அக்டோபரில் கட்டடங்களுக்கு இணையத் தகுதியின் அடிப்படையில் நட்சத்திரம் வழங்கும் விதிமுறையைக் கொண்டுவந்தது. கட்டாயம் இல்லை, விரும்புகிறவர்கள் பெறலாம். பூந்தமல்லியில் ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் நீச்சல்குளம் எங்கே என்று கேட்கும் நேரத்தில் இந்த நட்சத்திரம் உண்டா என்றும் கேட்டால் அடுத்த திட்டத்தில் புரமோட்டர் தானே போடுவார்.

சொந்தமாகக் கட்டுகிறவர்களுக்கு இதைவிட எளிது. வீட்டின் நடுப்பகுதியில், ஃபைபர் வந்து சேரும் இடத்தில் காற்றோட்டமுள்ள ஒரு சிறிய பெட்டி. அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும், மாடி ஹாலின் கூரைக்கும், டி.வி. சுவருக்கும், கேட் பக்கத்துக் கேமராவுக்கும் தனித்தனியாக 25 மி.மீ. பைப். தெருவிலிருந்து பெட்டிவரை ஃபைபருக்கு ஒரு வெற்றுப் பைப். மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுவதாக இருந்தால் அவர்களுக்குத் தெருவிலிருந்தே தனிப் பைப். குடியிருப்பவர் தன் இணைப்பைத் தானே எடுத்துக்கொள்ளட்டும். வளைவுகளில் கூர்மையான எல்போவைத் தவிர்த்து நீண்ட பெண்ட் போடச் சொல்லுங்கள். இடுக்கி மடக்கினால் கேபிளின் முறுக்கு கலைந்துவிடும். அறைக்கு ஒரு கேபிள் என்று திட்டமிட்ட இடத்தில் இரண்டு இழுத்துவிடுங்கள். பின்னால் ஒன்று பழுதானால் சுவரை உடைக்க வேண்டியதில்லை.

வேலை செய்ய ஆள் எங்கே என்பது நியாயமான கேள்வி. நம் எலக்ட்ரீஷியன்கள் 230 வோல்ட்டில் கைதேர்ந்தவர்கள். ஆனால் கீஸ்டோன் ஜாக்கில் எட்டுக் கம்பியை நிற வரிசைப்படி அழுத்துவதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. அம்பத்தூரிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. இரண்டு ஆண்டு எலக்ட்ரீஷியன் படிப்பில் ஒரு வாரம் இதற்கு ஒதுக்கினால் மேற்குப் புறநகர் முழுக்க வேலை காத்திருக்கிறது. கருவிச் செலவும் பெரிதல்ல: ஒரு கிரிம்பிங் டூல், ஒரு பஞ்ச் டூல், ஒரு டெஸ்டர். அதுவரை கேமரா மாட்டும் பையன்களில் நல்ல கைக்காரர் ஒருவரைப் பிடிப்பதுதான் வழி. வேலை முடிந்ததும் ஒவ்வொரு பாயின்ட்டிலும் டெஸ்டரைச் செருகச் சொல்லுங்கள். ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் இரு முனையிலும் ஒரே வரிசையில் எரிய வேண்டும். ஒன்று விட்டு எரிந்தால் அந்த ஜாக்கை வெட்டி மறுபடி அடிக்க வேண்டும். பிறகு ஒரு கணினியைச் செருகி லிங்க் ஸ்பீடு 1000 காட்டுகிறதா என்று பார்த்து, எந்தக் கேபிள் எந்த அறை என்று இரண்டு முனையிலும் பேனாவால் எழுதி ஒட்டச் சொல்லிவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.